ஒண்ணாம் தேதி சைரன்

டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ஊருக்கு மேலே அவ்வப்போது பெரிய ஹெலிகாப்டர்கள் போகும். முன்னால் ஒரு காற்றாடி, பின்னால் ஒரு காற்றாடி, நடுவில் பேருந்து போல நீளமான உடம்பு. நான் வேலை செய்யும் இந்திய மளிகைக் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் நான் மூட்டையை அப்படியே தோளில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பேன். அதில் எது அமெரிக்காவுடையது, எது சிங்கப்பூருடையது என்று கீழே இருந்து எனக்குத் தெரியாது. சிங்கப்பூருடையதும் இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

"என்ன அண்ணா, மேல யாரு, சொந்தக்காரங்களா?" என்று கூட வேலை செய்யும் பையன்கள் கேலி செய்வார்கள். நான் சிரித்துவிட்டு மூட்டையை இறக்கி வைப்பேன். விளக்கிச் சொல்ல எனக்கு வராது.

நான் பத்தாவது வரை படித்தவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். என் மனைவி அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் எங்களுக்கு அந்த ஊர்க் குடியுரிமை கிடைத்தது. அவள் வேலையை வைத்துத்தான் பிறகு அமெரிக்காவுக்கும் வந்தோம். இரண்டு நாடுகளுக்குள்ளும் நான் அவள் பின்னால் நடந்து நுழைந்தவன். எங்கள் ஒரே மகன் சிங்கப்பூரில் பிறந்து, அங்கே தொடக்கப்பள்ளியை முடித்து, பன்னிரண்டு வயதில் எங்களோடு இங்கே வந்தான். இங்கே உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தபோதுதான் அந்த ஊர் அவனைக் கூப்பிட்டது.

சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்த எவருக்கும் இது தெரிந்த விஷயம். ஆண்பிள்ளை என்றால் பதினெட்டு வயதில் இரண்டு வருடம் படையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் வளர்கிறான் என்றால் பள்ளி முடியும்வரை பொறுப்பார்கள், கல்லூரி முடியும்வரை பொறுக்க மாட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் போன பையன் குடியுரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நழுவ முடியாது. போகாமல் இருந்துவிட்டால் பிறகு அந்த ஊர் விமான நிலையத்தில் இறங்கும்போது பிடிப்பார்கள். அதாவது இறங்கவே முடியாது. எங்களுக்கும் இது தெரியும். ஆனால் அவன் சின்னவனாக இருந்தபோது பதினெட்டு என்பது ரொம்பத் தூரத்தில் இருந்தது.

என்னை அந்த ஊர் கூப்பிட்டதே இல்லை. வயது தாண்டி வந்து குடிமகன் ஆனவர்களை அவர்கள் கேட்பதில்லை. வீடு, ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் நான் அனுபவித்தேன். கேள்வி என்னைத் தாண்டிப் போய் என் மகனிடம் நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் என்னால் உட்கார முடியாது. எழுந்து போய் எதையாவது துடைப்பேன். அந்த வருடம் எங்கள் வீட்டுச் சமையலறை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மனைவி முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். "அவன் போகல. காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. போற வருஷம் திரும்பி வருமா?" அவள் அங்கே வேலை பார்த்தபோது, படைப் பயிற்சியில் வெயிலில் ஓடிச் சுருண்டு விழுந்த பையன்களுக்கு உடம்பு முழுக்க ஐஸ் வைத்திருக்கிறாள். அந்தப் பையன்களின் முகம் எல்லாம் நம் மகன் முகமாகத் தெரிகிறது என்றாள்.

மகன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடிக்கொண்டே இருந்தான். சில சமயம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

"அப்பா, நம்ம கவுண்டியில, இந்த ஒரு மாவட்டத்துல, பாதி கூட இல்ல அந்த நாடு. டூ யூ நோ தட்?"

"தெரியும்டா. ரயில்ல ஏறி உக்காந்தா தூங்குறதுக்குள்ள கடைசி ஸ்டேஷன் வந்துடும்."

"ஆனா சப்மரீன் வச்சிருக்காங்க. ஃபைட்டர் ஜெட் வச்சிருக்காங்க. யாரு அட்டாக் பண்ணப் போறாங்க அவங்கள?"

"யாரும் இல்ல."

"தென் ஒய்?"

பட்டறையில் இருந்தபோது அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து கடற்படைத் தளத்தில் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். "அமெரிக்கா இருக்குல்ல, அவங்களுக்கு ஒண்ணுன்னா வரும்."

அவன் அதையும் தேடினான். "நோ, பா. ஃபிரெண்ட்ஸ்தான். வந்தே ஆகணும்னு எழுதிக் குடுக்கல. இன்னொண்ணு இருக்கு. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, இவங்க. சிங்கப்பூரோட சேத்து அஞ்சு நாடு. ஒருத்தர அட்டாக் பண்ணா என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"என்ன?"

"கன்சல்ட் பண்ணுவாங்களாம்." அவன் சிரித்தான். "உக்காந்து பேசுவாங்களாம். நீங்களும் அம்மாவும் மாதிரி."

அவன் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாங்கள் உட்கார்ந்து பேசவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடைக்கு ஒரு தம்பி வந்தான். ஒட்ட வெட்டிய முடி, சாதாரண டி-ஷர்ட். மசாலா வரிசையில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மீன் குழம்புத் தூள் இருக்கா லா?"

"சிங்கப்பூரா தம்பி?"

"ஐயோ. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"லா."

பேச்சின் முடிவில் அந்தச் சொல்லை ஒட்டாமல் அந்த ஊர்க்காரர்களுக்குப் பேச வராது. அவன் வாய் விட்டுச் சிரித்தான். "ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டேனா?"

சிங்கப்பூர் விமானப்படையில் ஹெலிகாப்டர் பழுது பார்ப்பவன் அவன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய ஆட்கள் தங்கிப் பயிற்சி செய்கிறார்கள். ஏன் இவ்வளவு தூரம் வந்து, என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல பறக்க எடம் ஏது அண்ணே? மேல ஏறி ஒரு திருப்பு திருப்பினா மலேசியா. இந்தப் பக்கம் திருப்பினா இந்தோனேசியா. இங்க பாருங்க, நாள் பூரா பறந்தாலும் டெக்சாஸ் தீர மாட்டேங்குது."

அதன் பிறகு அடிக்கடி வருவான். கறிவேப்பிலை வாங்குவான், இடியாப்ப மாவு வாங்குவான். நான் ஒவ்வொரு தடவையும் கேட்க நினைத்து, கேட்காமல் பில் போட்டு அனுப்புவேன். ஒருநாள் கடையில் ஆள் இல்லை. கேட்டுவிட்டேன். என் மகனைப் பற்றிச் சொல்லி, "போகாட்டி என்ன ஆவும் தம்பி? நெஜமாவே புடிப்பாங்களா?" என்றேன்.

அவன் கூடையைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. "அண்ணே, நான் யூனிஃபார்ம் போட்டவன். இத என்கிட்ட கேக்காதீங்க."

"தப்பா எடுத்துக்காத."

"இல்லண்ணே, இல்லண்ணே." சங்கடத்தைக் கலைப்பதற்காக, "வேணும்னா சோறு போடுங்க. வந்து சாப்புட்டுட்டுப் போறேன். எங்கம்மா கை மீன் குழம்பு எனக்கு வரவே மாட்டேங்குது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"ஆள் புடிக்க வந்தவனுக்கு விருந்தா?"

"அவன் ஹெலிகாப்டர் ரிப்பேர் பண்றவன்."

"ரிப்பேர் பண்ணி யார ஏத்தறதுக்கு?" என்றாள். ஆனாலும் சனிக்கிழமை என்னை வியட்நாமியர் கடைக்கு விரட்டி வஞ்சிரம் வாங்கி வரச் சொன்னாள். தலையோடு வாங்கச் சொன்னாள்.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் தேதி. காலையிலிருந்தே புழுக்கம். வானம் ஒரு மாதிரி பச்சை கலந்த சாம்பலாக இருந்தது. மனைவி இரவு வேலை முடிந்து வந்து போனை அணைத்துத் தூங்கி எழுந்து, அணைத்தது அணைத்தபடியே சமைத்தாள். என் போன் கடை ஏப்ரனில், ஏப்ரன் காரில். அந்தத் தம்பியும் போனை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தான். "சாப்புடும்போது எடுத்தா அக்கா திட்டுவீங்கன்னுதான்." மனைவிக்கு அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது. மகன் சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டான். கேள்வி கேட்பான் என்று எதிர்பார்த்தேன். பெயர் சொல்லிக் கைகுலுக்கியதோடு சரி.

பன்னிரண்டு மணிக்குச் சைரன் அடித்தது.

சிங்கப்பூரில் மாத முதல் தேதி நண்பகலில் ஊர் முழுக்கச் சைரன் ஒலிக்கும். கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. முதல் மாதம் திடுக்கிடுவோம். பிறகு அந்தச் சத்தம் சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லும். டாலஸ் பக்கத்திலும் சோதனை உண்டு, ஆனால் இங்கே அது முதல் புதன்கிழமை. எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனால் புதன்கிழமை எங்கள் தலையில் இருந்தது. ஒண்ணாம் தேதி எங்கள் காதில் இருந்தது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். தம்பியும் பார்த்தான். "டைமுக்கு அடிக்கிறாங்க இங்கயும்" என்றான். "ஆமா" என்றேன். மனைவி அவனுக்கு ரசம் ஊற்றினாள். அவன் குழிவாகக் கையை வைத்து வாங்கிக் குடித்தான்.

மாடிப்படியில் தடதடவென்று மகன் இறங்கி வந்தான். கையில் போன் அலறிக்கொண்டிருந்தது.

"கெட் அப்! என்ன பண்றீங்க? டொர்னேடோ! அப்பா, எந்திரிங்க!"

"டெஸ்ட்டுடா" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். என் மகன் என்னை அப்படித் தொட்டது அதுவே முதல் முறை. அம்மாவைத் தள்ளினான். படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அரிசி மூட்டை, குளிர்காலக் கோட்டு, பழைய பெட்டிகள் எல்லாம் அங்கேதான். நாலு பேரும் அதற்குள் நுழைந்தோம். அவன் கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விளக்கு போய்விட்டது. வெளியே முதலில் ஆலங்கட்டி விழுந்தது, பிறகு வேறொரு சத்தம், சரக்கு ரயில் வீட்டுக்குப் பக்கத்தில் போவது போல. நான் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். கையில் குழம்பு காயத் தொடங்கியது.

சிங்கப்பூர் வீட்டிலும் எங்களுக்கு இப்படி ஓர் அறை இருந்தது. அங்கே புதிய அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பதுங்கறை கட்டித் தருகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் அதில் அரிசி வைத்தோம், பாய் வைத்தோம், சாமி படங்களை ஆணியில் மாட்ட முடியாமல் தரையில் பலகை போட்டு வரிசையாக நிறுத்தினோம். மகன் அந்தச் சாமிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தான். யுத்தம் வந்தால் ஒளிவதற்கான அறை அது என்று ஒருநாளும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

"மூணு பேரும் அப்படியே உக்காந்திருந்தீங்க." இருட்டில் மகன் கத்தினான். "ஹூ டஸ் தட்? சைரன் அடிக்குது, ரசம் குடிக்கிறீங்க."

"ஒண்ணாம் தேதிடா. அங்க ஒண்ணாம் தேதி மத்தியானம் சும்மா அடிப்பாங்க. உனக்கு ஞாபகம் இல்லையா?"

"இது அங்க இல்லப்பா!"

தம்பி மெதுவாகச் சிரித்தான். "சைரன் அடிச்சா எந்திரிச்சு ஓடறதுதான் என் வேலையே. நானும் கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க. எங்க சார்ஜன்டுக்குத் தெரிஞ்சா என்னத் தொங்க விட்டுருவாரு."

"கேட்டுக்க" என்றாள் மனைவி. "இவங்கதான் நாட்டக் காப்பாத்துறாங்களாம். இந்த லட்சணத்துல நீ வேற போவணுமா?"

"அக்கா சொல்றது சரிதான். அங்க உங்க பையன் மாதிரி ஆளுதான் வேணும்..." என்று தொடங்கியவன் சட்டென்று நிறுத்தினான். "சாரி அக்கா. வாய் தவறிடுச்சு."

மகன் கேட்டான்: "அங்க நெஜமா அடிச்சிருக்கா? டெஸ்ட் இல்லாம?"

"நான் பொறந்ததுலேர்ந்து இல்ல."

"நெஜமா அடிச்சா எப்படித் தெரியும்?"

தம்பி யோசித்தான். "தெரியாதுன்னுதான் ரெண்டு வருஷம் புடிச்சு வச்சு சொல்லித் தராங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன். அதுல பாதி நாள் காத்துக்கிடக்கிறதும் பூட்ஸ் தொடைக்கிறதும்தான்."

கூரையில் ஏதோ உரசிக்கொண்டு போனது. நாலு பேரும் தலையைக் குனிந்தோம். அது போன பிறகு மகன் சொன்னான்:

"அப்பா, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"எதப் பத்தி?"

"யூ நோ. போறதப் பத்தி. கேட்டா எப்பவும் அம்மா மூஞ்சியப் பாக்குறீங்க. இப்ப இருட்டு. தெரியாது. சொல்லுங்க."

நான் பேசுகிறவன் இல்லை. கடையில்கூட ஆள் நிறைய இருந்தால் பின்பக்கம் போய்விடுவேன். ஆனால் அங்கே பின்பக்கம் இல்லை.

"போகாட்டி அந்த ஊரு உனக்கு மூடிடும்" என்றேன். "நீ பொறந்த எடம், படிச்ச ஸ்கூலு. அத நெனச்சா எந்திரிச்சுப் போயி எதையாவது தொடைக்கிறேன். போனா உன்னப் பாக்காம இருக்கணும். அத நெனச்சாலும் அதேதான் பண்றேன். எது பெருசுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா அன்னிக்கே சொல்லிருப்பேன்."

"இத்தன மாசமா இத ஒரு வார்த்த சொல்லலியே நீங்க" என்றாள் மனைவி.

"சொன்னா நீ அழுவ."

"இப்ப என்ன பண்றேன்னு நெனச்சீங்க?"

அந்தத் தம்பி பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் கோட்டுகளுக்குள் ஒடுங்கி, குழம்புக் கையைத் தூக்கிப் பிடித்தபடி மூச்சு விடாமல் இருந்தான்.

சைரன் நின்றது. மழை மட்டும் பெய்தது. மகன் கைப்பிடியை விடவில்லை.

"நான் போறேன்" என்றான். "நாட்டுக்காகன்னு எல்லாம் இல்ல. ஒரு ஊருக்குள்ள போகவே முடியாத ஆளா இருக்க எனக்குப் பிடிக்கல. அவ்ளோதான். ரெண்டு வருஷம் முடிச்சிட்டு வந்து காலேஜ் போறேன். ஓகே?"

அவன் போனைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலி சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு மரம் அவர்கள் காரின் மேல் கிடந்தது. சுழல்காற்று இரண்டு தெரு தள்ளிப் போயிருந்தது. அங்கே கூரைகளே இல்லை. தம்பி கை கழுவிக்கொண்டு, வேலியை நிமிர்த்த எனக்கு உதவினான். கிளம்பும்போது வாசலில் நின்று, "அண்ணே, நான் ஒண்ணும் சொல்லலியே? என்னாலதான்னு அக்கா நெனச்சுடப் போறாங்க" என்றான். இல்லை என்றேன். மனைவி உள்ளேயிருந்து மீதிக் குழம்பை டப்பாவில் போட்டுக் கொண்டு வந்து கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகன் கல்லூரிக்கு எழுதி இடத்தை வைத்திருக்கச் சொல்லிக் கேட்டான், சரி என்றார்கள். இரண்டு வருடம் வெளியே இருந்தாலும் கிரீன் கார்டு போகாமல் இருக்க அனுமதி வாங்கினோம். ஒருநாள் வேலைக்குப் போய் வந்து பார்த்தால் அவன் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கால் பவுடர், உப்புக் கரைசல் பொட்டலங்கள், கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை. ஒரு பட்டாளத்துக்கே போதும். "வெயில்ல ஓடச் சொன்னா முந்தின நாளே தண்ணி குடிக்கணும். அன்னிக்குக் காலைல குடிச்சா பத்தாது" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன், "ஓகே மா, ஓகே மா" என்றுகொண்டிருந்தான்.

இப்போது அவன் அங்கே இருக்கிறான். வார விடுமுறையில் பெரியப்பா வீட்டுக்கு, என் அண்ணன் வீட்டுக்கு, வந்து எங்களை வீடியோவில் கூப்பிடுவான். முடி இல்லை. கறுத்துவிட்டான். "எப்படிடா இருக்கு?" என்றால், "காத்துக்கிட்டே இருக்கோம்பா" என்பான். நானும் அதையேதான் செய்கிறேன். கடையில் பட்டியல் போட்டு அடுக்கும்போது நடுவில் எதை அடுக்குகிறேன் என்று மறந்துபோகும். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வெளியே ஓடுவேன். அவன் அதில் இல்லை, அவன் காலாட்படை, கடல் தாண்டி எங்கோ நடந்துகொண்டிருக்கிறான். இருந்தாலும் ஓடுவேன். அந்தத் தம்பி பணிக்காலம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டான்.

மகன் போன பிறகு வந்த முதல் புதன்கிழமை எனக்குக் கடையில் விடுமுறை. மனைவியும் வீட்டில் இருந்தாள். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, ஒரு மேகம் இல்லை. நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நண்பகலுக்குச் சைரன் எழுந்தது. சோதனைதான். இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் அடுப்பை அணைத்தாள். வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க" என்றாள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறைக்குள் போய் அரிசி மூட்டையின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள்தான் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கோட்டு இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. சைரன் நின்றது. நின்ற பிறகும் அவள் கைப்பிடியை விடவில்லை.